பன்றியைத் திட்டியது போதும், மாத்திரையைக் கொடுங்கள்

கேள்வி: டாக்டரம்மா, வணக்கம். எங்களுடையது கூட்டுக் குடும்பம், கோபிசெட்டிபாளையம் பக்கம். என் ஓரகத்திக்கு ஆறாவது மாதம். முந்தாநாள் மழையில் நனைந்துவிட்டு வந்தாள், அன்று ராத்திரியே காய்ச்சல், வறட்டு இருமல், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. டவுனில் டெஸ்ட் எடுத்ததில் பன்றிக் காய்ச்சல் என்று வந்துவிட்டது. டாக்டர் டாமிஃப்ளூ எழுதிக் கொடுத்தார். அது ரொம்ப வீரியமான மாத்திரை, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் மாமியார் கொடுக்க விடவில்லை. நிலவேம்புக் கசாயம் மட்டும் மூன்று வேளை கொடுக்கிறோம். எங்கள் வீட்டில் யாரும் பன்றிக் கறியைத் தொட்டதே இல்லை, பிறகு எப்படி வந்தது? தெருக்கோடியில் சாக்கடை ஓரம் பன்றிகள் மேய்கின்றன, அதனாலா? தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் ஐந்து வயது மகன் நன்றாகத்தான் இருக்கிறான், அவனை இரண்டு வாரம் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்கிறார்கள். மாமனாருக்கு 68 வயது, சர்க்கரை உண்டு, அவருக்கும் தொண்டை கரகரக்கிறது. கற்பூரமும் ஏலக்காயும் கர்சீப்பில் முடிந்து மோந்துகொண்டிருந்தால் வராது என்கிறார்களே, நிஜமா? எல்லோரும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? பன்னிரண்டு நாளில் வளைகாப்பு குறித்திருக்கிறோம், நடத்தலாமா, தள்ளிப் போடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்)

பதில்:

உங்கள் மின்னஞ்சலை நான் பார்த்தது ராத்திரி ஒன்பது மணிக்கு. "மாத்திரையை இப்போதே கொடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்" என்று அப்போதே ஒரு வரி எழுதி அனுப்பினேன். மாமியாரைச் சம்மதிக்க வைத்து முதல் மாத்திரையைக் கொடுத்துவிட்டதாக மறுநாள் காலை நீங்கள் எழுதிய பிறகுதான் எனக்குக் காபி இறங்கியது. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட மற்றதெல்லாம் இங்கே. உங்கள் கேள்விகளில் பாதி எனக்கு வாரத்துக்கு நாலு பேரிடமிருந்து வருகிறவைதான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பன்றி, சாக்கடை, தெருக்காரர்கள், பள்ளிக்கூடம், டெஸ்ட் என்று பயம் பத்துத் திசையில் ஓடியிருக்கிறது. ஆனால் அந்த வீட்டிலேயே ஆபத்து அதிகமுள்ள ஒருத்திக்கு, கையில் இருந்த மருந்து இரண்டு நாளாகக் கொடுக்கப்படவில்லை. உங்கள் மேல் கோபமில்லை. இந்தக் காய்ச்சலின் பெயரே அப்படி, கேட்டவுடன் எல்லோரையும் தப்பான பக்கம் பார்க்க வைத்துவிடும்.

முதலில் அந்தப் பெயரைத் தீர்த்துவிடுவோம். 2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் ஒரு புது ஃப்ளூ வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் மரபணுத் துண்டுகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி பன்றிகளிடையே சுற்றிக்கொண்டிருந்த ஃப்ளூ வைரஸ்களிலிருந்து வந்தவை, அவற்றுக்குள்ளேயே பறவை ஃப்ளூ, மனித ஃப்ளூ வைரஸ்களின் துண்டுகளும் கலந்திருந்தன. பன்றியின் உடம்பு இப்படிப்பட்ட கலப்படத்துக்குத் தோதான இடம், இரண்டு மூன்று வகை வைரஸ் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தால் துண்டுகளை மாற்றிக்கொண்டு புதிதாக ஒன்று வெளியே வரும். பிறந்த இடம் அது, அதனால் பன்றிக் காய்ச்சல் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் மனிதனுக்குள் வந்த பிறகு அது மனிதனிலிருந்து மனிதனுக்குத்தான் பரவிற்று, இன்றுவரை அப்படித்தான். இதன் பெயர் எச்1என்1. 2009 ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதை உலகளாவிய கொள்ளை நோய் என்று அறிவித்தது, 2010 ஆகஸ்டில் அது முடிந்ததாகவும் அறிவித்தது. முடிந்தது என்றால் வைரஸ் செத்துப் போய்விட்டது என்று பொருளில்லை. அதற்கு முன்பு சுற்றிக்கொண்டிருந்த பழைய எச்1என்1 வகையை ஓரங்கட்டிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இப்போது வருடா வருடம் மழைக்காலத்தில் வரும் ஃப்ளூக்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். நீங்கள் "ஃப்ளூ ஜுரம்" என்று சொல்லி ரெண்டு நாள் படுத்து எழுந்தீர்களே, அதில் ஏதாவது ஒரு முறை இதுவாகவே இருந்திருக்கலாம், டெஸ்ட் எடுக்காததால் தெரிந்திருக்காது.

பெயருக்குப் பயந்து ஒரு நாடே ஏமாந்த கதையும் உண்டு. 2009-ல் எகிப்து அரசாங்கம் நாட்டிலுள்ள பன்றிகளையெல்லாம் கொல்ல உத்தரவிட்டது, ஏறக்குறைய மூன்று லட்சம் பன்றிகள். அப்போது அங்கே ஒருவருக்குக்கூட இந்தக் காய்ச்சல் வரவில்லை. கெய்ரோ நகரத்தில் வீடு வீடாகக் குப்பை அள்ளும் சமூகத்தார் மீந்த சோறு, காய்கறிக் கழிவையெல்லாம் அந்தப் பன்றிகளுக்குத்தான் போட்டு வந்தார்கள். பன்றி போனதும் மட்கும் குப்பையை எடுக்க ஆளில்லாமல் தெருத் தெருவாக நாறியது. காய்ச்சலோ ஜூன் மாதம் விமானத்தில் வந்து இறங்கியது. இந்தியாவுக்கும் அப்படித்தான் வந்தது, 2009 மே மாதம் ஐதராபாத்தில் இறங்கிய ஒரு பயணிதான் இங்கே முதலில் உறுதியானவர், அவர் அமெரிக்காவிலிருந்து வந்தவர்.

ஆகவே பன்றிக் கறி சாப்பிட்டால் வராது, சாப்பிடாவிட்டால் வராமலும் இருக்காது. நன்றாக வேகவைத்த எந்தக் கறியிலும் இந்த வைரஸ் பிழைக்காது, 70 டிகிரி சூடே அதற்குப் போதும். உங்கள் தெருக்கோடிப் பன்றிகள் மேலும் இந்த விஷயத்தில் குற்றமில்லை. அவற்றைப் பிடிக்கச் சொல்லி மனு கொடுப்பதை நான் தடுக்க மாட்டேன், ஆனால் சரியான காரணம் எழுதிக் கொடுங்கள்: மூளைக் காய்ச்சலில் ஜப்பானிய வகை என்று ஒன்று இருக்கிறது, அந்தக் கிருமி பன்றி உடம்பில் பெருகி கொசு வழியாகக் குழந்தைகளுக்கு வரும், அது நிஜமாகவே பயப்பட வேண்டிய நோய். எச்1என்1 கொசு மூலம் வராது. வீட்டைச் சுற்றிக் கொசுப் புகை அடித்ததாலும் வாசலில் பிளீச்சிங் பவுடர் தூவியதாலும் இது நிற்கப் போவதில்லை.

அப்படியானால் உங்கள் ஓரகத்திக்கு எங்கே ஒட்டியது? மழையில் நனைந்ததால் இல்லை. கிருமி உள்ளே போய் ஒன்றிலிருந்து நான்கு நாளில்தான் காய்ச்சல் தொடங்கும், ஆகவே நனைவதற்கு முந்தியே அது உள்ளே போயிருக்க வேண்டும். டவுன் பஸ், ரேஷன் கடை வரிசை, செக்கப்புக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த வராண்டா, எதுவாகவும் இருக்கலாம். ஒருவர் இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கிற துளிகள் மூன்றிலிருந்து ஆறடி வரை போகும், பக்கத்தில் இருப்பவர் அதை மூச்சில் இழுப்பார். இன்னொரு வழி கை. மூக்கைத் துடைத்த கையால் பஸ் கம்பியைப் பிடிக்கிறார், பின்னால் ஏறுகிறவர் அதே கம்பியைப் பிடித்துவிட்டுக் கண்ணைத் தேய்க்கிறார். எஃகு, பிளாஸ்டிக் மாதிரியான வழவழப்பான பரப்பில் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரைகூட வைரஸ் உயிரோடு இருக்கும், துணியில் அதைவிடக் குறைவு, கையில் சில நிமிடங்கள்தான். மழைக்காலத்தில் அதிகமாவதற்குக் காரணம், ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் அடைந்து கிடப்பதும்தான். உங்கள் வீட்டில் இப்போது முதலில் செய்ய வேண்டியது அந்த ஜன்னலைத் திறப்பது.

வைரஸின் மேலே ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்துவிடும், எண்ணெய்ச் சட்டி வெளுக்கிற மாதிரி. ஆகவே மாமியார் தனியாக எடுத்து வைத்திருக்கும் தட்டு, டம்ளர், போர்வை இதையெல்லாம் எரிக்கவோ தூக்கிப் போடவோ வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவினால் சரி.

இனி மாத்திரை. டாமிஃப்ளூ என்பது கம்பெனிப் பெயர், மருந்தின் பெயர் ஒசல்டாமிவிர். இந்த வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்து தன்னைப் போலவே நூற்றுக்கணக்கில் பிரதி எடுக்கும், பிறகு அந்தப் பிரதிகள் செல்லின் மேல்தோலிலிருந்து அறுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். அறுக்கிற கத்தரிக்கோல்தான் எச்1என்1 என்ற பெயரில் வரும் அந்த "என்". மாத்திரை அந்தக் கத்தரியை மழுக்கிவிடுகிறது, புதுப் பிரதிகள் வெளியே வர முடியாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். இதைப் புரிந்துகொண்டால், ஏன் சீக்கிரம் கொடுக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன், எல்லாப் பிரதிகளும் வெளியேறி நுரையீரல் முழுக்கப் பரவிய பிறகு கத்தரியைப் பிடுங்கி என்ன ஆகப் போகிறது? ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு முற்றியவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் 48 மணி நேரம் தாண்டியிருந்தாலும் கொடுப்போம், பலன் குறைவானாலும் பலன்தான். நீங்கள் கொடுத்தது விளிம்பில், நல்லவேளை.

"வீரியமான மாத்திரை, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது" என்ற பேச்சுக்கு வருகிறேன். கர்ப்பிணிகளின் நோய் எதிர்ப்பு ஏற்பாடு குழந்தையை ஏற்றுக்கொள்வதற்காக மாறியிருக்கும், வளரும் கருப்பை உதரவிதானத்தை, அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசைத் திரையை, மேலே தள்ளுவதால் நுரையீரலுக்கு இடம் குறையும், இதயமும் ஏற்கெனவே அதிக வேலை பார்த்துக்கொண்டிருக்கும். இந்த நிலையில் ஃப்ளூ வந்தால் நிமோனியாவாக மாறுவது மற்றவர்களைவிட எளிது. 2009-ல் உலகம் முழுக்க ஐசியுவில் சேர்ந்தவர்களில் கர்ப்பிணிகள் பங்கு அவர்கள் எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவு அதிகமாக இருந்தது, அதிலும் கடைசி மூன்று மாதத்தில் இருந்தவர்கள். தாய்க்கு மூச்சுத் திணறினால் குழந்தைக்கும் திணறும். இந்த மாத்திரையையோ அதற்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் கர்ப்பிணிகள் சாப்பிட்டிருக்கிறார்கள், குழந்தைகளுக்குப் பிறவிக் குறை அதிகமானதாகத் தெரியவில்லை. எந்த மாதமானாலும் கொடுக்கலாம் என்பதுதான் இப்போதைய வழிமுறை. 75 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள். சாப்பிட்ட பிறகு கொடுங்கள், குமட்டலும் வாந்தியும்தான் இதன் பெரிய தொல்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது என்று நிறுத்திவிடாமல் பத்து மாத்திரையும் முடிக்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம், கர்ப்பத்தில் அதிகக் காய்ச்சலை அடித்துக்கொண்டு கிடப்பதுதான் கெடுதல். புரூஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள், கர்ப்பத்துக்கும் ஆகாது, டெங்குவும் கூடவே சுற்றும் பருவம் இது.

சிரிப்பு என்னவென்றால், மாத்திரை ஆகாது என்று ஒதுக்கிய வீட்டில் நிலவேம்பு மூன்று வேளை போயிருக்கிறது. நிலவேம்புக் குடிநீரை அரசு முகாம் போட்டுக் கொடுத்தது எனக்கும் தெரியும், மற்றவர்கள் அளவோடு குடித்தால் நான் குறுக்கே நிற்பதில்லை. ஆனால் கர்ப்பிணிக்கு அது வேண்டாம். மூலிகை என்றாலே வயிற்றுக்குச் சாது, மாத்திரை என்றாலே வீரியம் என்ற கணக்கு தப்பு. அவளுக்கு வேண்டியது கஞ்சி, ரசம், இளநீர், நிறையத் தண்ணீர், தூக்கம்.

கற்பூரம், ஏலக்காய் கர்சீப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2015-ல் இந்தச் செய்தி போன் போனாகச் சுற்றியது, இப்போது மறுபடி கிளம்பியிருக்கிறது போல. மணம் வைரஸைக் கொல்லாது. ஏலக்காயால் கெடுதல் இல்லை, கற்பூரம் அப்படியல்ல, ஐந்து வயதுப் பையன் இருக்கும் வீட்டில் கர்சீப்பில் முடிந்து வைத்தால் ஒரு நாள் வாயில் போட்டுப் பார்ப்பான், கொஞ்சம் உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரும். இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலிருந்துதான் டாமிஃப்ளூ எடுக்கிறார்கள், அதைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் என்று இன்னொன்று. பாதி உண்மை. அன்னாசிப்பூவில் இருக்கும் ஓர் அமிலத்தை எடுத்துப் பல ரசாயனப் படிகள் கடந்துதான் மருந்தாகிறது. வைக்கோலைக் கொதிக்க வைத்தால் பால் கிடைக்குமா, நடுவில் மாடு வேண்டாமா?

எல்லோரும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்றால், வேண்டாம். மத்திய சுகாதாரத் துறை ரொம்ப நாளாக நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது, டாக்டர்கள் நாங்கள் ஏ, பி, சி என்று சொல்வோம். லேசான காய்ச்சல், தொண்டை வலி, சளி, இருமல் உள்ளவர் முதல் வகை: டெஸ்ட்டும் வேண்டாம், டாமிஃப்ளூவும் வேண்டாம், வீட்டில் தனியாக இருந்துகொண்டு ஓரிரு நாளில் மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும். காய்ச்சலும் தொண்டை வலியும் கடுமையாக இருந்தாலோ, அல்லது லேசாகவே இருந்து ஆனால் ஆள் ஆபத்து அதிகமுள்ளவராக இருந்தாலோ, அது இரண்டாம் வகை. ஆபத்து அதிகமுள்ளவர் யார் என்றால் கர்ப்பிணி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, 65-க்கு மேற்பட்டவர், சர்க்கரை, ஆஸ்துமா, இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறு உள்ளவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர். இவர்களுக்கு டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் மாத்திரையைத் தொடங்கிவிடுவோம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, அரை மயக்கம், ரத்தம் கலந்த சளி, உதடும் நகமும் நீலம் பாய்வது, இதெல்லாம் மூன்றாம் வகை, உடனே ஆஸ்பத்திரி, அங்கேதான் டெஸ்ட்டும். ஆக டெஸ்ட் என்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ப்பவருக்கு. உங்கள் ஓரகத்திக்கு டெஸ்ட் எடுக்காமலே அந்த டாக்டர் மாத்திரை எழுதியிருந்தாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். அப்புறம், நெகட்டிவ் ஆகிவிட்டதா என்று பார்க்க இரண்டாவது டெஸ்ட் எடுக்காதீர்கள், செத்த வைரஸின் மிச்சம் மீதியைக்கூட அது காட்டிக் கொடுக்கும், வீண் கவலை.

2009 ஆகஸ்டில் நான் ஓர் ஆஸ்பத்திரியின் காய்ச்சல் பிரிவில் இருந்தேன். புனேயில் ஒரு பள்ளி மாணவி இறந்துபோன செய்தி வந்த வாரம். இந்தியாவில் இதனால் ஏற்பட்ட முதல் மரணம் அது. மறுநாள் காலை எங்கள் வாசலில் நீண்ட வரிசை, பாதிப் பேருக்கு ஒரு தும்மல்கூட இல்லை, "எதற்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று வந்தவர்கள். நிஜக் காய்ச்சல்காரர்களோடு மூன்று மணி நேரம் நெருக்கியடித்து நின்றார்கள். வரிசையைப் பிரித்து நிற்க வைக்க வேண்டும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை, இரண்டாம் நாள்தான் உறைத்தது. நல்ல உடம்போடு வந்து எங்கள் வரிசையில் காய்ச்சலை வாங்கிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேரோ, அந்த உறுத்தல் எனக்கு இன்னும் உண்டு.

மாமனாரைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், எனக்கு அதுதான் அடுத்த கவலை. 68 வயது, சர்க்கரை, தொண்டை கரகரப்பு, வீட்டிலேயே நோயாளி. அவரை இன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், "எங்கள் வீட்டில் எச்1என்1 உறுதியானவர் இருக்கிறார்" என்பதை உள்ளே போனவுடன் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவருக்கும் மாத்திரை தொடங்குவார்கள். காய்ச்சல் வந்தால் சர்க்கரையும் ஏறும், வீட்டில் பார்க்கும் கருவி இருந்தால் தினம் பாருங்கள், சாப்பிட முடியவில்லை என்று சர்க்கரை மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

மற்றவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக டாமிஃப்ளூ வாங்கி ஆளுக்கொன்று கொடுத்துவிடலாமா என்று யாராவது கிளப்பினால் தலையாட்டாதீர்கள். நோயாளியோடு நெருங்கிப் பழகிய, ஆபத்து அதிகமுள்ளவருக்குச் சில சமயம் தடுப்பாகக் கொடுப்பது உண்டு, தினம் ஒன்றே ஒன்று என்று வேறு கணக்கு, அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கேட்டால் கொடுக்கக் கூடாத மருந்து அது. கண்டபடி அரைகுறையாகச் சாப்பிட்டால் மாத்திரைக்கு அடங்காத வைரஸ்தான் மிஞ்சும்.

ஊசியும் ஆன்டிபயாடிக்கும் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஃப்ளூவுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, அது பாக்டீரியாவுக்கு. ஃப்ளூ அடித்துப் போட்ட நுரையீரலில் பின்னால் பாக்டீரியா வந்து உட்கார்ந்தால் அப்போது தேவைப்படும். அதைவிட எனக்குப் பயம் "ஒரு ஊசி போடுங்க டாக்டர், சட்டுனு நிக்கட்டும்" என்கிற அந்த ஊசி. பல இடங்களில் அதில் ஸ்டீராய்டு இருக்கும், அன்று சாயங்காலமே காய்ச்சல் பறந்துவிடும், நோயாளி கும்பிட்டுவிட்டுப் போவார், உள்ளே வைரஸ் தடையில்லாமல் பெருகும். நாலு நாள் அப்படி ஊசி போட்டுக்கொண்டு, ஐந்தாம் நாள் பேச மூச்சில்லாமல் தூக்கி வரப்பட்ட முப்பது வயதுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். குழந்தைகளுக்கு இன்னொரு எச்சரிக்கை, ஃப்ளூ காய்ச்சலில் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ஓர் அபூர்வமான நோய் அதனால் வரும்.

பையன் விஷயம். அவனுக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை என்றால் இரண்டு வாரம் வீட்டில் வைக்கத் தேவையில்லை. ஆனால் நாலைந்து நாள் அவனைத் தினம் காலையில் தொட்டுப் பாருங்கள், சூடு தெரிந்தால் அன்று பள்ளி கிடையாது. சித்தி அறைக்குள் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நோயாளியிடமிருந்து கிருமி காய்ச்சலுக்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கி ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும், குழந்தைகளிடமிருந்து இன்னும் கொஞ்ச நாள். ஆகவே ஓரகத்தி ஏழு நாள் தனி அறையில் இருக்கட்டும், யாராவது ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும், அறைக்குள் இருவரும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பார்த்துக்கொள்ளும் ஆள் மாமனாராகவோ வேறு கர்ப்பிணியாகவோ இருக்க வேண்டாம். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அலமாரியில் கிடக்குமே, பேட்டரி போட்டு எடுங்கள். காலை மாலை பார்த்து 95-க்குக் கீழே போனால் கர்ப்பிணியை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. குழந்தை அசைவு குறைந்தாலும் அப்படியே. இன்னொன்று முக்கியம்: காய்ச்சல் விட்டு இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி காய்ச்சலும் இருமலும் ஏறினால், அது நான் சொன்ன பாக்டீரியா நிமோனியாவாக இருக்கலாம். "திரும்ப வந்த ஜுரம்தானே" என்று விடாதீர்கள்.

தெருக்காரர்கள் பேசாததற்கு என்னிடம் மாத்திரை இல்லை. ஒன்று மட்டும் சொல்லிப் பாருங்கள். 2015-ல் இந்தியாவில் 42,000 பேருக்கு மேல் இது உறுதியானது, ஏறக்குறைய 3,000 பேர் இறந்தார்கள். அந்தக் கணக்கைப் பார்த்தால் நூற்றுக்கு ஏழு பேர் சாவது போல இருக்கும், பயம் வரத்தான் செய்யும். ஆனால் டெஸ்ட் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முற்றிப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். வீட்டில் கஞ்சி குடித்து எழுந்தவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை, அவர்களையும் சேர்த்தால் விகிதம் மிகமிகக் குறைவு. உங்களோடு பேசாமல் போகும் அந்த அக்காவுக்கும் போன வருடம் வந்து போயிருக்கலாம், லேப் சீட்டு இல்லாததால் அவர் பெயர் கெடவில்லை.

தடுப்பூசி. வைரஸ் வருடா வருடம் சட்டை மாற்றுவதால் ஊசியும் வருடா வருடம் மாறும், சென்ற வருடம் போட்டது இந்த வருடத்துக்கு ஆகாது. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது, போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் எதிர்ப்பு சக்தி உருவாகும். கையில் போடும் ஊசியில் உயிரற்ற கிருமிதான் இருக்கிறது, அதனால் ஃப்ளூ வராது, ஒரு நாள் கை வலியும் லேசான காய்ச்சலும் வரலாம். வீட்டில் இப்போது காய்ச்சல் இல்லாதவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். மாமனாருக்குத் தொண்டை சரியானதும் கட்டாயம். ஓரகத்திக்கும் உடம்பு தேறிய பிறகு அவளுடைய டாக்டரைக் கேட்டுப் போடலாம், ஒருமுறை எச்1என்1 வந்துவிட்டதே, பிறகு எதற்கு என்று நினைக்காதீர்கள், அந்த ஊசியில் வேறு ஃப்ளூ வகைகளுக்கும் சேர்த்துத்தான் மருந்து இருக்கிறது. பிறக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் முடியும் வரை இந்த ஊசி போட முடியாது, அதுவரை அம்மாவிடமிருந்து வரும் எதிர்ப்பு சக்திதான் அதற்குக் காவல்.

கடைசியாக வளைகாப்பு. பன்னிரண்டு நாள் இருக்கிறது, மாத்திரை ஐந்து நாளில் முடியும், ஏழு நாள் தனிமையும் முடிந்துவிடும், காய்ச்சல் இல்லாமல் தெம்பாக இருந்தால் தாராளமாக நடத்துங்கள். வறட்டு இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கலாம், அதை வைத்து யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. மண்டபத்தில் வைக்காமல் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டால் காற்றோட்டம் இருக்கும். நான் ஒரே ஒரு நிபந்தனை வைப்பேன்: சந்தனம் பூசி வளையல் போட எத்தனை பேர் வந்தாலும் சரி, சளி இருமலோடு வருகிறவர் அவள் கன்னத்தைத் தொடக் கூடாது. சொந்த அத்தையாக இருந்தாலும் சோற்றுப் பந்தியோடு நிற்கட்டும். அதைச் சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், டாக்டரம்மா சொன்னாள் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.